கூண்டு இறங்கும் நேரமும் கூலியில் சேரும்

2001 மே மாதத்தில் ஒரு ராத்திரி, சாம்பியன் ரீஃப் லைன் வீட்டுச் சமையல்கட்டில் உட்கார்ந்து, கோடு போட்ட நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒரு கணக்குப் போட்டேன். பக்கத்தை நடுவில் மடித்து இரண்டாக்கிக்கொண்டேன். இடது பக்கம் ராபர்ட்சன்பேட்டை ஜவுளிக் கடை: பில் போடும் வேலை, மாதம் 1,400 ரூபாய், பஸ்ஸில் பத்து நிமிடம். வலது பக்கம் பெங்களூர் கிருஷ்ணராஜபுரத்தில் ஒரு பட்டறை: கணக்கு எழுதும் வேலை, மாதம் 3,600 ரூபாய், ரயிலில் எழுபது கிலோமீட்டருக்கு மேல். ரயில் பாஸ், இறங்கியபின் பஸ், இரண்டு வேளை டீ என்று வலது பக்கத்தில் 600 ரூபாய் கழித்தேன். 3,000 நின்றது. இடது பக்கத்தைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். நோட்டை மூடிவிட்டுப் படுத்தேன்.

அந்த வண்டியில் பதினெட்டு வருஷம் போனேன்.

இரண்டு பக்கத்திலும் நான் எழுதாமல் விட்டது நேரம். வீட்டு வாசலில் செருப்பு மாட்டுவதிலிருந்து பட்டறை வாசலில் கையெழுத்துப் போடுவது வரை இரண்டரை மணி. திரும்பி வர இரண்டரை மணி. இது எனக்குத் தெரியாமல் இல்லை. அதற்கு ஒரு விலை உண்டு என்று தோன்றவில்லை. கோலார் தங்கவயலில் பிறந்தவளுக்கு அது தோன்றாமல் போனதற்குக் காரணம் இருக்கிறது. எங்கள் ஊரில் நூறு வருஷத்துக்கு மேலாக, வேலைக்குப் போகும் தூரத்தைச் சுரங்கக் கம்பெனி சுமந்தது. அதை நாங்களே சுமக்கத் தொடங்கியது சுரங்கம் மூடிய பிறகு, 2001 மார்ச்சில்தான்.

தங்கத்தைத் தேடிப் பெங்களூரிலிருந்து இந்தப் பக்கம் பயணம் வைத்தவர் மைக்கேல் லாவெல். அயர்லாந்தில் பிறந்தவர், பிரிட்டிஷ் பட்டாளத்தோடு நியூசிலாந்துப் போருக்குப் போனவர், ஓய்வுபெற்றுப் பெங்களூரில் குடியிருந்தார். கோலார் மண்ணில் பொன் இருப்பதைப் பற்றி ஜான் வாரன் என்ற அதிகாரி எழுதி 1804இல் வெளிவந்த குறிப்பைப் படித்துவிட்டு, 1871இல் மாட்டு வண்டி கட்டிக்கொண்டு புறப்பட்டார். மைசூர் அரசிடம் உரிமமும் வாங்கினார். ஆழமாகத் தோண்ட அவரிடம் பணம் இல்லை. 1880இல் லண்டனின் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் நிறுவனம் வந்த பிறகுதான் வேலை சூடுபிடித்தது. அதற்கும் சில வருஷம் கைக்காசு கரைந்த பின்தான் சாம்பியன் ரீஃப் என்ற பொன்பாறைத் தடம் அகப்பட்டது. எங்கள் தெருவுக்குப் பெயர் வந்தது அந்தப் பாறையிலிருந்து.

பாறை அகப்பட்டது. ஆளுக்கு எங்கே போவது? அப்போது இந்த இடம் முட்புதரும் கரடும். அதிகாரிகள் இங்கிலாந்திலிருந்து வந்தார்கள். சுரங்கம் தெரிந்த மேற்பார்வையாளர்கள் பலர் கார்ன்வால் பகுதியைச் சேர்ந்தவர்கள். கீழே இறங்கிப் பாறை உடைக்க வந்தவர்கள் வட ஆர்க்காடு, சேலம், சித்தூர்ப் பக்கத்து மக்கள். பெரும்பாலும் எங்கள் ஆட்கள், ஆதிதிராவிடர்கள். தாது வருஷப் பஞ்சம் அந்தச் சீமையை உலுக்கிப் போட்டு அப்போது அதிக காலம் ஆகவில்லை. எங்கள் வீட்டில் சொல்லும் கதைப்படி, என் நைனாவின் (அப்பாவின்) தாத்தா குடியாத்தம் பக்கத்துக் கிராமத்திலிருந்து மூன்று நாள் நடந்து வந்தவர். ஊரில் பண்ணையாள். கூலி தானியமாக வரும், அதுவும் கொடுக்கிறவர் மனசுப்படி. இங்கே மாதத்துக்குக் கையில் காசு. தூரத்தையும் கூலியையும் வைத்து எங்கள் குடும்பத்தில் போட்ட முதல் கணக்கு அதுதான். அவர் போட்ட கணக்கில் இன்னொன்றும் இருந்தது: இங்கே யார் வீட்டுத் திண்ணைக்கும் எதிரே செருப்பைக் கையில் எடுக்க வேண்டாம்.

வந்தவர்களைக் கம்பெனி, சுரங்கத்துக்குள் இறங்கும் ஷாஃப்டுக்குப் பக்கத்திலேயே குடிவைத்தது. மூங்கில் தட்டி வைத்த வீடுகள், வரிசை வரிசையாக. அதனால்தான் லைன் என்று பெயர். பத்துக்குப் பத்து அறையில் ஒரு குடும்பம், சில சமயம் இரண்டு. வாடகை கூலியிலேயே பிடிப்பு. இதைத் தருமம் என்று யாரும் சொல்ல வேண்டாம். சங்கு ஊதினால் காதில் விழும் தூரத்தில் ஆள் இருக்க வேண்டும், மூன்று ஷிப்டுக்கும் ஆள் தவறாமல் இறங்க வேண்டும், தங்கம் வெளியே போகாமல் ஒவ்வொரு வீட்டின் மேலும் கண் இருக்க வேண்டும். அந்தத் தேவைக்காகக் கட்டிய வீடுகள் அவை. ஆனாலும் ஒன்று உண்மை. வேலைக்கும் வீட்டுக்கும் நடுவில் இருந்த தூரத்தைக் குறைக்கும் செலவு கம்பெனியுடையதாக இருந்தது.

ரயிலும் அப்படி வந்ததுதான். பவுரிங்பேட்டை என்று அப்போது பெயர், இன்றைக்குப் பங்காரப்பேட்டை. சென்னைப் பெருவழியில் இருந்த அந்த ஊரிலிருந்து மாரிக்குப்பம் வரை பத்து மைல் கிளைப் பாதை 1894இல் திறந்தது. நிலக்கரியும் மரமும் இயந்திரமும் உள்ளே வர, தங்கம் வெளியே போகப் போட்ட பாதை. மின்சாரமும் அதே கதை. காவிரியின் சிவசமுத்திரம் அருவியிலிருந்து சுமார் 147 கிலோமீட்டர் தூரம் கம்பி இழுத்து 1902இல் சுரங்கத்துக்கு மின்சாரம் கொண்டுவந்தார்கள். பெங்களூர்த் தெருவில் மின்விளக்கு எரிந்தது 1905இல். பெங்களூரை முந்தியவர்கள் நாங்கள் என்று எங்கள் ஊரில் யாரும் நெஞ்சு நிமிர்த்திச் சொல்வார்கள். நானும் சொல்வேன். அந்த மின்சாரம் முதலில் ஓட்டியது சுரங்கத்தின் இயந்திரத்தை என்பதையும் சேர்த்துச் சொல்வேன். என் ஆயா (பாட்டி) சமைந்து கல்யாணமாகி லைனுக்கு வந்தபோது வீட்டுக்குள் இருந்தது மண்ணெண்ணெய்ச் சிம்னி.

நைனாவுக்கு வருகிறேன். அவர் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் மரம் கட்டுகிறவர். பாறை குடைந்த இடத்தில் மேற்பாறை சரியாமல் மரத்தூண் நிறுத்தும் வேலை. எங்கள் வீட்டிலிருந்து ஷாஃப்டுக்கு நடை எட்டு நிமிடம். அவருடைய பயணம் அதற்கப்புறம்தான் ஆரம்பிக்கும். அந்தச் சுரங்கம் கடைசியில் மூன்று கிலோமீட்டருக்கு மேல் ஆழம் போயிருந்தது. உலகத்திலேயே மிக ஆழமான சுரங்கங்களில் ஒன்று என்று பெயர் வாங்கியது. ஒரே கயிற்றில் அவ்வளவு ஆழம் இறங்க முடியாது. முதல் கூண்டில் ஒரு இறக்கம். அங்கே இறங்கி, தண்டவாளம் ஓரமாக நடந்து அடுத்த ஷாஃப்ட். மறுபடி கூண்டு, மறுபடி நடை. வேலை நடக்கும் முகத்துக்குப் போய்ச் சேர முக்கால் மணி, சில நாள் ஒரு மணி ஆகும் என்பார். கீழே பாறையின் சூடு அறுபது டிகிரி செல்சியசுக்கு மேல். குளிர்காற்று அனுப்புகிற இயந்திரங்கள் இல்லாமல் அங்கே ஆள் நிற்க முடியாது. (1965இல் விஞ்ஞானிகள் இதே சாம்பியன் ரீஃபில் 2.3 கிலோமீட்டர் ஆழத்தில் கருவிகளை வைத்து, காற்றுமண்டலத்தில் பிறந்து பாறையைத் துளைத்து வரும் நியூட்ரினோவைக் கண்டுபிடித்தார்கள். மற்ற துகள்கள் எட்ட முடியாத ஆழம் வேண்டும் என்று தேடி வந்தவர்களுக்கு நைனா மாதிரி ஆட்கள் தினமும் போய்வந்த இடம் பொருந்தியது.)

என் மனசில் ஆழமாக நிற்பது அவர் சொன்ன ஒரு சின்ன விஷயம். “கூண்டுல கால வச்சா ஷிப்ட் ஆரம்பம் பாப்பா. மேல வந்து தரைய மிதிச்சா முடிஞ்சிது. நடுவுல எங்க நடந்தாலும் அது கம்பெனி நேரம்.” நிலத்தடி வேலை ஒரு நாளைக்கு எட்டு மணி நேரத்துக்கு மேல் போகக் கூடாது என்பது 1952ஆம் ஆண்டின் சுரங்கச் சட்டம். போக ஒரு மணி, வர ஒரு மணி போனால், அவர் கையில் ரம்பம் பிடித்தது ஆறு மணி நேரம். கூலி எட்டு மணிக்கும். மூன்று கிலோமீட்டர் பாதாளத்துக்குப் போய்வரும் பயணத்துக்குக் கூலி உண்டு என்பதை யாரும் எங்கள் லைனில் பெரிதாகப் பேசியதே இல்லை. காற்று மாதிரி இருந்தது அது.

அந்தக் காற்று தானாக வரவில்லை. 1930இல் தொழிலாளர்களின் கைரேகையைப் பதிவுசெய்யக் கம்பெனி கிளம்பியபோது, எங்கள் ஆட்கள் 21 நாள் வேலைக்கு இறங்கவில்லை. அப்போது அவர்களுக்கு ஒழுங்கான சங்கம்கூடக் கிடையாது. 1946 நவம்பர் 4 அன்று போலீஸ் சுட்டதில் ஆறு தொழிலாளர்கள் செத்தார்கள். அவர்களுக்கு இன்றைக்கும் வருஷா வருஷம் அஞ்சலி செய்கிறோம். இவ்வளவு பேர் ஒன்றாக நிற்க முடிந்தது எப்படி என்று யோசித்தால், பதில் லைன் வீட்டில்தான் இருக்கிறது. ஒரே சங்கு, ஒரே கூண்டு, ஒரே சம்பள நாள், ஒரே குழாயடி. ஒருவன் வீட்டில் அடுப்பு எரியாதது பக்கத்து வீட்டுக்குத் தெரியும். ஆளைக் கண்ணெதிரே வைத்திருக்கக் கம்பெனி கட்டிய வீடுகளே ஆட்கள் சேரவும் இடமாயின.

சேர்ந்தது கூலிக்காக மட்டும் இல்லை. அயோத்திதாசப் பண்டிதரின் பௌத்த இயக்கம் இங்கே வேரூன்றியது. அவர் நடத்திய ‘தமிழன்’ இதழை அவர் மறைவுக்குப் பிறகு, 1926இல், ஜி. அப்பாதுரையார் இந்தத் தங்கவயலிலிருந்து மறுபடி கொண்டுவந்தார். பண்டிதரின் நூல்களைச் சித்தார்த்தா புத்தகசாலை இங்கிருந்துதான் அச்சிட்டது. பாதாளத்தில் பாறை உடைத்த கை மேலே வந்து புத்தகம் பிடித்த ஊர் இது. நான் ஏன் பெங்களூருக்குக் குடிபோகாமல் ரயிலில் போய்வந்தேன் என்று கேட்பவர்களுக்கு என் பதிலில் பாதி இந்த வரிகளில் இருக்கிறது.

தங்கம் தீரவில்லை. எடுக்கும் செலவு கட்டவில்லை என்றார்கள். ஆரம்ப காலத்தில் டன் பாறைக்கு 40 கிராமுக்கு மேல் கிடைத்த இடத்தில், கடைசியில் பத்தில் ஒரு பங்கு தேறினாலே அதிகம். சுரங்கம் 1956இல் மைசூர் அரசின் கைக்கு வந்தது, 1962இல் மத்திய அரசுக்குப் போனது, 1972இல் பாரத் கோல்டு மைன்ஸ் என்று பெயர் மாறியது. ஒரு காலத்தில் முப்பதாயிரம் பேர் வேலை செய்த இடம் கொஞ்சம் கொஞ்சமாக ஆள் குறைந்து வந்தது. 1964இல் தொடங்கிய பெமல் தொழிற்சாலை சில வீடுகளைத் தாங்கிப் பிடித்தது. 120 வருஷத்தில் 800 டன்னுக்கு மேல் தங்கம் கொடுத்த சுரங்கத்தை 2001 பிப்ரவரி 28 அன்று மூடினார்கள். மறுநாள் காலை சங்கு ஊதவில்லை. நைனா அதற்கு மூன்று வருஷம் முன்பே நெஞ்சில் பாறைத் தூசியோடு ஓய்வுபெற்றிருந்தார். ஆனாலும் அன்று ஷிப்ட் நேரத்துக்கு எழுந்து வாசலில் உட்கார்ந்திருந்தார். சங்கு வராததால் எப்போது உள்ளே வருவது என்று தெரியாமல் வெயில் ஏறும்வரை உட்கார்ந்திருந்தார்.

அதன்பிறகு நடந்தது எங்கள் ஊர் வரலாற்றில் பெரிய திருப்பம். தங்கம் வெளியே போகப் போட்ட பாதையில் ஆட்கள் வெளியே போனார்கள். மாரிக்குப்பத்திலிருந்து பெங்களூருக்குப் போகும் வண்டிகளில் ஒன்றுக்கு ஸ்வர்ணா என்றே பெயர். விடிவதற்கு முன்னால் மாரிக்குப்பம், சாம்பியன், ஊர்காம், கோரமண்டல், பெமல் நகர் என்று ஒவ்வொரு நிறுத்தத்திலும் இருட்டிலிருந்து ஆட்கள் முளைத்து வருவார்கள். கொத்தனார், பிட்டர், செக்யூரிட்டி, துணித் தொழிற்சாலைப் பெண்கள், ஆஸ்பத்திரி ஆயாக்கள், கணினி படித்த பிள்ளைகள். பங்காரப்பேட்டையில் வண்டி நிரம்பிவிடும். மாலூரில் ஏறுகிறவர்களுக்குக் கால் வைக்கத்தான் இடம். ஒயிட்ஃபீல்டில் ஒரு கூட்டம் இறங்கும், கிருஷ்ணராஜபுரத்தில் ஒன்று, பையப்பனஹள்ளியில் ஒன்று, கண்டோன்மென்டில் மீதி.

பெண்கள் நிலத்தடியில் வேலை செய்யச் சட்டம் விடவில்லை. எங்கள் லைனில் சுரங்கக் கூலி ஆண்கள் கையில்தான் வந்தது. அதனால் சுரங்கம் மூடியபோது முதன்முதலாகத் தூரத்து வேலைக்குக் கிளம்பிய பெண்கள் என் வயசுக்காரிகள். இதை நான் பெருமையாகவே சொல்கிறேன். லேடீஸ் பெட்டியில் நாங்கள் பதினோரு பேர் ஒரே மூலை. வெங்காயம் உரிப்போம், பூக்கட்டுவோம், பிள்ளைகள் நோட்டுக்கு அட்டை போடுவோம். தைக்கப் போகிற ஒருத்தி பங்காரப்பேட்டை தாண்டியதும் தலையை என் தோளில் சாய்த்துத் தூங்குவாள். ஒயிட்ஃபீல்டு வந்ததும் நான் எழுப்ப வேண்டும். பதினாலு வருஷம் எழுப்பினேன்.

ஆனால் அந்தப் பதினோரு பேரும் பதினோரு வாசலுக்குப் போனோம். என் பட்டறையில் வேலை செய்த தங்கவயல்காரி நான் ஒருத்திதான். வண்டி தாமதமானால் அரை நாள் சம்பளம் பிடிப்பு என்பது அங்கே வழக்கம். யாரோடு சேர்ந்து அதைக் கேட்பது? 21 நாள் இறங்காமல் நின்ற ஊரின் பேத்தி, அரை நாள் பிடிப்பைப் பற்றி ஒருநாளும் வாய் திறக்கவில்லை. ரயிலில் நாங்கள் ஆயிரக்கணக்கில் ஒன்றாக இருந்தோம். கூலி பேசுகிற இடத்தில் தனித்தனியாக இருந்தோம். தூரத்தின் சுமை எங்கள் தலையில் இறங்கியதற்கு இதுதான் முக்கியக் காரணம் என்பது என் முடிவு.

பெங்களூரிலேயே வீடு பிடித்திருக்கலாமே என்பார்கள். பிடிக்கப் போனோம். 2004இல், மகளுக்கு ஒரு வயசு. ஆட்டோ ஓட்டும் வீட்டுக்காரரும் நானும் மூன்று ஞாயிற்றுக்கிழமை அலைந்தோம். முன்பணம் பத்து மாத வாடகை. அதைக்கூடப் புரட்டியிருப்போம். இரண்டு இடத்தில், வாடகை பேசி முடித்த பிறகு, கறி சமைப்பீர்களா என்று கேட்டார்கள். பிறகு, நீங்கள் எந்த ஆட்கள் என்று கேட்டார்கள். லைனில் பிறந்து வளர்ந்த எனக்கு அந்தக் கேள்விக்கு நின்று பதில் சொல்லிப் பழக்கமில்லை. நைனாவின் தாத்தா மூன்று நாள் நடந்து வந்தது எந்தக் கேள்வியிலிருந்தோ, அதற்கு மாதா மாதம் வாடகை கொடுப்பதா? திரும்பி வந்துவிட்டோம். வீட்டில் நைனாவுக்கு மூச்சு வாங்கியது. மகளைப் பார்த்துக்கொள்ள அம்மா இருந்தார். தட்டி போய் ஓடு வந்து, ஓடு போய் ஷீட் வந்த அந்தப் பத்துக்குப் பத்து வீட்டில், பின்பக்கம் நாங்களே கட்டிய ஒரு அறையும் இருந்தது. ரயில்தான் சரி என்று முடிவாயிற்று.

நான் ஞாயிறு தவிர மற்ற நாளில் என் தெருவை வெளிச்சத்தில் பார்த்ததில்லை. ஞாயிறன்று பாதி நாள் தூக்கம், மீதி துணி துவைப்பு. ஒரு முறை தசராவுக்கு நாலு நாள் லீவு கிடைத்தது. காலையில் கோலம் போட வெளியே வந்தால், தெருமுனைப் புங்கமரம் இருந்த இடம் வெட்டவெளியாக இருந்தது. அம்மாவைக் கூப்பிட்டு எப்போது வெட்டினார்கள் என்று கேட்டேன். எட்டு மாதம் ஆகிறது என்றார். அந்த மரத்தைத் தாண்டித்தான் தினமும் இரண்டு தடவை நடந்திருக்கிறேன். வாசல் கட்டிலில் உட்கார்ந்திருந்த நைனா மூச்சை இழுத்து இழுத்துச் சொன்னார்: “நானாவது வாரத்துக்கு ஒரு ஷிப்ட் மாத்திப் போனேன். பகல் ஷிப்ட் முடிஞ்சா வெயில பாப்பேன். நீ பதினஞ்சு வருஷமா ஒரே இருட்டுல போற, ஒரே இருட்டுல வர. இன்னா கூலி குடுக்கறான் உனுக்கு அதுக்கு?”

அதுக்கு என்று அவர் கேட்டது வண்டியில் போகிற நேரத்தை. கூண்டு இறங்கும் நேரத்துக்கும் கூலி வாங்கியவருக்கு அது இயல்பான கேள்வி. அன்று ராத்திரி பழைய நோட்டைத் தேடி எடுத்தேன். அது 2016.

முதலில் 2001இன் கணக்கைச் சரிசெய்தேன். மாதம் 25 நாள். வேலை நேரம் 200 மணி, பயணம் 125 மணி. ஜவுளிக் கடையில் 200 மணிக்கு 1,400 என்றால் மணிக்கு 7 ரூபாய் (பத்து நிமிட பஸ்ஸை விட்டுவிட்டேன்). பட்டறையில் செலவு போக 3,000. அதை 325 மணிக்கு வகுத்தால் மணிக்கு 9 ரூபாய் 23 காசு. ஆக அன்றைக்கு நான் எடுத்த முடிவு சரியானதே. நினைத்த மாதிரி இரண்டு மடங்கு இல்லை, மணிக்கு இரண்டே கால் ரூபாய் ஆதாயம். அந்த ஆதாயத்தில்தான் நைனாவின் மருந்து, மகளின் கான்வென்ட் பீஸ், பின்பக்க அறை. அதற்காக நான் வருத்தப்படவில்லை.

பிறகு 2016இன் கணக்கு. அப்போது சம்பளம் 17,000. பாஸ், பஸ், ஆட்டோ, வெளியில் வாங்கித் தின்பது எல்லாம் போக 14,500. அதை 325ஆல் வகுத்தால் 44 ரூபாய் 60 காசு. அதே வருஷம் ஜூனில் ராபர்ட்சன்பேட்டைப் பள்ளிக்கூடம் ஒன்றின் ஆபீசில் 9,000 ரூபாய்க்கு என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். 17,000 எங்கே, 9,000 எங்கே என்று கேட்ட மாத்திரத்தில் மறுத்துவிட்டேன். 9,000த்தை 200 மணிக்கு வகுத்தால் 45 ரூபாய். நோட்டில் இந்த இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிவிட்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். எந்த வருஷத்தில் என் ஆதாயம் தீர்ந்தது என்று எனக்குத் தெரியவில்லை. ஊரில் கூலி மெதுவாக ஏறியிருக்கிறது, பெங்களூர்ச் செலவு வேகமாக ஏறியிருக்கிறது, நான் பார்க்கவே இல்லை. ஒருதடவை போட்ட கணக்கை நம்பிப் பதினைந்து வருஷம் வண்டி ஏறியிருக்கிறேன். அந்தப் பள்ளிக்கூட வேலைக்கு வேறு ஆள் வந்தாயிற்று. அதன்பிறகும் மூன்று வருஷம் போனேன்.

மணிக்கு இத்தனை ரூபாய் என்பதில் எல்லாம் அடங்காது என்பது எனக்குத் தெரியும். ரயிலில் கிடைத்த பத்துத் தோழிகளுக்கு எந்த வரியில் மதிப்புப் போடுவது? மகளின் முதல் நடை, முதல் பாட்டு, காய்ச்சல் வந்த மத்தியானங்கள் எல்லாம் அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். அதை எந்த வரியில் கழிப்பது? பதினெட்டு வருஷத்தில் வண்டியிலும் வழியிலும் போனது 27,000 மணி. ராத்திரி பகல் சேர்த்துக் கணக்கிட்டால் மூன்று வருஷமும் ஒரு மாதமும். பணமாக மாற்றாமல், இந்த எண்ணை அப்படியே வைத்துப் பார்ப்பதுதான் நேர்மை என்று எனக்குப் படுகிறது.

நைனா 2018இல் போனார். அடுத்த வருஷம் நான் பட்டறை வேலையை விட்டேன். இப்போது ஆண்டர்சன்பேட்டையில் இரண்டு கடைகளுக்குக் கணக்கு எழுதுகிறேன். காலையில் வெயில் பார்த்து எழுகிறேன்.

போன வருஷம் மகளுக்கு ஒயிட்ஃபீல்டில் ஒரு கம்பெனியில் வேலை வந்தது. இப்போது வசதி கொஞ்சம் கூடியிருக்கிறது. 2023இல் மெட்ரோ ஒயிட்ஃபீல்டு வரை வந்துவிட்டது, இறங்கினால் அங்கிருந்து எங்கும் போகலாம். ஆனாலும் மாரிக்குப்பத்திலிருந்து ஒயிட்ஃபீல்டு வரை அதே பாதை, அதே இருட்டு, அதே கூட்டம். போகட்டுமா என்று என்னைக் கேட்டாள். போ என்றோ போகாதே என்றோ நான் சொல்லவில்லை. நோட்டைக் கொடுத்தேன். அவள் கணக்கு என்னுடையதைவிட நீளம். நேரத்துக்கு ஒரு வரி, தூக்கத்துக்கு ஒரு வரி, அங்கே கற்றுக்கொள்ளும் தொழிலுக்கு ஒரு வரி. பிறகு கம்பெனியில் கேட்டாள்: வண்டியில் வருகிற நேரத்துக்கு என்ன தருவீர்கள்? பயணப்படி தர முடியாது என்றார்கள். வாரத்தில் இரண்டு நாள் வீட்டிலிருந்தே வேலை செய்யட்டுமா என்றாள். ஒரு நாளுக்கு ஒப்புக்கொண்டார்கள். தாத்தா இருந்திருந்தால் இன்னும் பேசியிருக்க வேண்டும் என்றிருப்பார். வாய் திறந்து கேட்டாளே, அதுவே எனக்குப் பெரிசு.

வாரம் ஐந்து நாள் அவள் போகிறாள். பக்கத்தின் அடியில், என் பழைய கணக்குக்குக் கீழே, இந்தக் கணக்கைத் திரும்பப் போட வேண்டிய தேதியை எழுதிக் கோடு போட்டு வைத்திருக்கிறாள்: 2027 ஜூன் 30.